பொய்யடியும் மெய்வலியும்

மல்யுத்த நிகழ்ச்சி பார்க்கிறவன் வாழ்நாள் முழுக்க எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. “அதெல்லாம் செட்டப்புதானே? இதப் போயி வாயப் பொளந்து பாத்துக்கிட்டு இருக்கியே?” வீட்டில் கேட்பார்கள், கல்லூரி விடுதியில் கேட்பார்கள், வேலைக்குப் போன பிறகு மதியச் சாப்பாட்டு மேசையிலும் கேட்பார்கள். சினிமா பார்த்துவிட்டு வருகிறவனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. படத்தில் குண்டடிபட்டுச் செத்த கதாநாயகர் அடுத்த வாரம் டிவி பேட்டியில் சிரித்துக்கொண்டிருப்பது யாரையும் உறுத்துவதில்லை. சினிமா தன்னை நிஜம் என்று சொல்லிக்கொண்டதில்லை. தொழில்முறை மல்யுத்தம் பல பத்தாண்டுகள் அப்படிச் சொல்லிக்கொண்டது. அதனால்தான் அந்தக் கேள்வியில் ஓர் ஏளனம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீ ஏமாந்தவன் என்கிறது அது.

நான் ஏமாறவில்லை, எல்லாம் தெரிந்துதான் பார்க்கிறேன் என்று ரசிகன் பதில் சொல்வான். சரி. அப்படித் தெரிந்து பார்க்கிறவனுக்கு அந்தத் தெரிதல் ஏதாவது பொறுப்பைக் கொண்டுவருகிறதா? இந்தக் கட்டுரையின் கேள்வி அதுதான்.

ஆலங்குளத்தில் என் வயதுக்காரர்களுக்கு இந்த உலகம் இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. ஒன்று, கடையில் வாங்கிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டுக்கட்டு. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயித்த சண்டை என்று ஒவ்வொரு சீட்டிலும் எண்கள். இன்னொன்று கேபிள் டிவி. 2002-இல் டென் ஸ்போர்ட்ஸ் வந்த பிறகு அது கிட்டத்தட்ட நித்திய பூசை ஆகிவிட்டது. “அண்டர்டேக்கருக்கு ஏழு உசுருல, செத்துச் செத்துப் பொழச்சவன்” என்பது வகுப்பறையில் யாரும் மறுக்காத உண்மை. கேன் அவருடைய தம்பி, சின்ன வயதில் தீயில் கருகியவன். பிறகு பிரவுசிங் சென்டர்கள் வந்தன. ஒருவர் பெயர் மார்க் கலவே, இன்னொருவர் பெயர் கிளென் ஜேக்கப்ஸ், இருவருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று தெரிந்தது. அந்த ஜேக்கப்ஸ் 2018-இல் டென்னஸி மாநிலத்தின் நாக்ஸ் கவுண்டிக்கு மேயரே ஆகிவிட்டார்.

ரகசியம் உடைந்ததும் ஆர்வம் வடிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. யார் யாரைத் தூக்கிப் போடுவார் என்பதைவிட யார் யாரிடம் தோற்க மறுத்தார், எவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, யாருக்கும் யாருக்கும் நிஜமாகவே ஆகாது என்பதெல்லாம் ருசிக்க ஆரம்பித்தது. 1997 நவம்பர் 9 அன்று மாண்ட்ரியலில் பிரெட் ஹார்ட்டுக்குத் தெரியாமலேயே முடிவை மாற்றி மணியடித்த கதையை நாள் கிழமையோடு ஒப்பிக்கிறவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. மார்பளவும் பைசெப்ஸும் போய், திரைமறைவுத் தகவல்கள் புதுச் சீட்டுக்கட்டு ஆயின. அதிகம் தெரிந்தவன் ஜெயிப்பான்.

*

முந்தைய தலைமுறைக்கு இந்த இடத்தில் தாராசிங் இருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறவனை “பெரிய தாராசிங்கு இவரு” என்று இன்றும் சொல்கிறோம். அவருடைய ஜென்மப் பகையாக விளம்பரப்படுத்தப்பட்டவர் கிங்காங். இயற்பெயர் எமில் சாயா, ஹங்கேரியைச் சேர்ந்தவர், எடை சுமார் 200 கிலோ. 1950-களில் இந்த இருவரும் திரும்பத் திரும்ப மோதினார்கள். 1962-இல் தாராசிங் நடித்து ‘கிங்காங்’ என்ற பெயரிலேயே இந்திப் படமும் வந்தது. ஒரே ஜோடி அத்தனை முறை மோதுவது பகையால் மட்டும் ஆகிற காரியமில்லை. நாடகக் கம்பெனி ஊர் ஊராகப் போவது போன்ற ஏற்பாடு அது. 1970-இல் ஒரு சாலை விபத்தைத் தொடர்ந்து கிங்காங் சிங்கப்பூரில் இறந்துபோனார். தாராசிங் ராமாயணத் தொடரில் அனுமனாகி, ராஜ்யசபை உறுப்பினராகி, 2012-இல் மறைந்தார். கடைசிவரை அவர் ஊருக்குப் பயில்வான்தான். நடிகர் என்று சொன்னால் அனுமனை நினைத்துச் சொல்வார்களே தவிர, கிங்காங்கைத் தூக்கிப் போட்டதை நினைத்துச் சொல்ல மாட்டார்கள்.

இந்த ரகசியத்தைக் காப்பதற்குத் தொழிலுக்குள் ‘கேஃபேப்’ என்று பெயர். அமெரிக்கத் திருவிழாச் சந்தைகளில் புழங்கிய குழூஉக்குறி. மேடையில் எதிரிகளாக இருப்பவர்கள் வெளியிலும் ஒரே காரில் போகக் கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. 1984 டிசம்பரில் “இது பொய்தானே” என்ற தொனியில் பேசிய டிவி நிருபர் ஜான் ஸ்டாஸலை டேவிட் ஷுல்ஸ் என்ற மல்லர் காதோடு சேர்த்து அறைந்தார். 1987-இல் மேடை விரோதிகளான அயர்ன் ஷேக்கும் ஜிம் டகனும் ஒன்றாகக் காரில் போய் நியூ ஜெர்சியில் போலீஸிடம் சிக்கினார்கள். காரில் போதைப்பொருள் இருந்தது. ஆனால் விரோதிகள் ஒரே காரில் இருந்ததுதான் தொழிலுக்குப் பெரிய அவமானமாகப் பட்டது.

இதைப் பொய் என்று சொல்லலாமா? புனித அகஸ்டின் தன்னுரையாடல் நூலில் ரோமானிய நடிகர் ரோசியஸை எடுத்துக்கொண்டு யோசிக்கிறார். பொய்யான ஹெகுபாவாக இருந்தால்தான் அவர் உண்மையான நடிகராக இருக்க முடிகிறது. ஒன்று பொய்யாவதே இன்னொன்று மெய்யாவதற்கு வழி. நமக்கு இது புதிதில்லை. அரிச்சந்திர நாடகத்தில் சந்திரமதி வேடம் கட்டியவர் மீசையை மழித்த ஆண் என்பது முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்குத் தெரியும். தெரிந்தேதான் அழுகிறாள். அவளை யாரும் ஏமாற்றவில்லை. ஒப்புக்கொண்டு கேட்கிற பொய்யில் ஏமாற்று இல்லை. அந்த வகையில் இன்றைய மல்யுத்த ரசிகனும் ஏமாந்தவன் கிடையாது.

பெரும்பாலான ரசிகர்கள் வாதத்தை இந்த இடத்தோடு முடித்துக்கொள்வார்கள். எனக்கு இதற்கு அப்பால்தான் சிக்கல் தொடங்குகிறது.

*

செட்டப் என்கிறோமே, அதில் எது செட்டப்? முடிவு செட்டப். பகை செட்டப். குத்துகளில் பெரும்பாலானவை செட்டப். விழுவது மட்டும் செட்டப் இல்லை. மேடை என்பது இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய நுரை விரிப்பு, அதன் மேல் கித்தான். முதலில் கற்றுக்கொடுப்பதே விழுவதைத்தான். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள், தலை பின்னால் மோதக் கூடாது, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும், அடி ஓரிடத்தில் இறங்காமல் பரவ வேண்டும். ஒழுங்காக விழுந்தால் குறைவாக வலிக்கும். வலிக்காது என்பதில்லை. பூமியின் ஈர்ப்பு விசை எவருடனும் முடிவைப் பேசி வைத்துக்கொள்வதில்லை.

எனவே மேடையில் நடப்பது சண்டைக்கு நேர் எதிரானது. ஒருவன் தன் கழுத்தை இன்னொருவன் கையில் கொடுக்கிறான், அவன் அதைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாம். ஓவன் ஹார்ட், ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது ஆஸ்டினின் தலை சில அங்குலம் கீழே இறங்கியிருந்தது. கழுத்தில் பலத்த அடி. கை கால் சற்று நேரம் அசையவில்லை. இருந்தும் எழுதியபடி அவர்தான் ஜெயிக்க வேண்டும் என்பதால், தவழ்ந்து போய் எதிராளியை ஒப்புக்குச் சுருட்டிப் பிடித்து ஜெயித்தார். 2003-இல் அவர் ஓய்வு பெற்றதற்கு அந்தக் கழுத்துக்காயமும் காரணம்.

ரத்தமும் அப்படியே. நெற்றியில் வழிவது தக்காளிச் சாஸ் என்று சொல்வார்கள். பழைய வழக்கப்படி மணிக்கட்டுப் பட்டையில் ஒளித்து வைத்த பிளேடுத் துண்டால் அவரே தன் நெற்றியைக் கீறிக்கொண்டது அது. நம் தென்பகுதிச் சுடலைமாடன் கொடைகளில் கணியான் கூத்துக் கலைஞர் படையலுக்காகத் தன் கையையோ நாக்கையோ கீறி ரத்தம் கொடுக்கும் வழக்கம் உண்டு. சுற்றி நிற்கிற எல்லாருக்கும் அது நிஜ ரத்தம் என்று தெரியும், யாருக்காக என்றும் தெரியும். அதனால் அங்கே ஒரு மௌனம் விழுகிறது. மல்யுத்த மேடையில் ரத்தம் அதே அளவு நிஜம், ஆனால் பார்க்கிறவன் பொய் என்று நினைத்துச் சிரிக்கலாம். கொடுத்தவனுக்கு அந்த மௌனம்கூடக் கிடைப்பதில்லை.

*

இந்த ரகசியம் அதிகாரபூர்வமாக எப்படி வெளியே வந்தது என்பது ரசிகர்கள் விரும்பிச் சொல்லும் தகவல்களில் ஒன்று. 1989-இல் நியூ ஜெர்சி மாநிலச் செனட்டில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பே முன்வந்து, இது போட்டி அல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. நிருபர் ஒருவர் காதில் அறை வாங்கி ஐந்து வருடம்கூட ஆகவில்லை. காரணம் எளிது. போட்டி என்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் மேற்பார்வை, உரிமம், கட்டணம் எல்லாம் வரும். கேளிக்கை என்றால் வராது.

இதை ‘ரகசியம் உடைந்த நாள்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கென்னவோ மல்யுத்த வரலாற்றில் அறத்தைப் பொறுத்தவரை முக்கியமான நாள் இதுதான் என்று தோன்றுகிறது. பல பத்தாண்டுகள் பொய் சொன்னவர்கள் அன்று உண்மையைச் சொன்னார்கள். உடம்புகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு அதனால் வரவில்லை, இருந்த மேற்பார்வையும் கழன்றது. உண்மையைச் சொல்வது எப்போதும் நேர்மையான செயல் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பொறுப்பிலிருந்து நழுவுவதற்காகவும் உண்மையைச் சொல்லலாம்.

இன்னொரு பொய் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த மல்லர்கள் கம்பெனியின் ஊழியர்கள் இல்லையாம், சுயேச்சை ஒப்பந்தக்காரர்களாம். எங்கே, எப்போது, யாரிடம் தோற்க வேண்டும் என்பதுவரை கம்பெனி சொல்லும். வேறு இடத்தில் போய் ஆடக் கூடாது என்றும் சொல்லும். ஆனாலும் ஊழியர் இல்லை. ஐ.டி. துறையில் காண்ட்ராக்ட் ஆளாக ஒரு வருடம் இருந்தவர்களுக்கு இந்த வித்தை விளக்கம் இல்லாமலே புரியும். ஆலங்குளத்துக்காரர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். இங்கே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களைக் கம்பெனி பார்த்ததுகூட இருக்காது. என்றாலும் 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுகிறவரையும் தொழிலாளி என்றே சொன்னது. பி.எஃப். பிடிக்கிறார்கள். நடைமுறையில் ஆயிரம் ஓட்டை இருக்கலாம். ஆனாலும் இந்தக் கைகள் எங்களுக்காக வேலை செய்யவில்லை என்று முதலாளி சொல்ல முடியாது. உலகம் முழுக்க டிவியில் தெரிகிற மல்லருக்கு அந்த வார்த்தை கிடைக்கவில்லை.

*

ஆஸ்டினின் கழுத்தில் அடிபடக் காரணமான அதே ஓவன் ஹார்ட் இரண்டு வருடம் கழித்து இறந்தார். 1999 மே 23, கான்சாஸ் சிட்டி, கெம்பர் அரங்கம். கூரையிலிருந்து கம்பியில் இறங்கி வருகிற வேடிக்கை நுழைவு. கொக்கி விட்டுப்போய் சுமார் 78 அடி உயரத்திலிருந்து மேடையில் விழுந்தார். வயது 34. டிவியில் விழுந்த காட்சியைக் காட்டவில்லை. வர்ணனையாளர் ஜிம் ராஸ், இது நிகழ்ச்சியின் பகுதி இல்லை, நிஜமாக நடந்தது என்று வீட்டில் பார்த்தவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அரங்கில் இருந்தவர்களுக்கு அவர் இறந்த செய்தி சொல்லப்படவில்லை. நிகழ்ச்சி தொடர்ந்தது. அவர் விழுந்த அதே மேடையில் மற்றவர்கள் விழுந்தார்கள்.

வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் பொய்க்கு ஒரு விலக்கு தருகிறார். குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது. மல்யுத்தத்தின் பொய் நமக்குத் தந்த சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ‘குற்றமற்ற’ என்ற நிபந்தனையை அன்றிரவு தொடர்ந்த நிகழ்ச்சியால் நிறைவேற்ற முடியாது.

இப்போது ஓவன் ஹார்ட்டும் ஒரு சீட்டு. எத்தனை அடி, எந்த அரங்கம், அடுத்து யார் ஆடினார்கள் என்று கேட்டால் ரசிகன் சட்டென்று சொல்வான். நம் காளியைப் பற்றிக் கேட்டால் 2006-இல் அண்டர்டேக்கரை வென்றார், 2007-இல் சாம்பியன் ஆனார் என்போம். 2001-இல் கலிஃபோர்னியப் பயிற்சிப் பள்ளியில் அவரோடு பயின்ற மாணவர் ஒருவர், ஏற்கெனவே தலையில் அடிபட்டிருந்த நிலையிலும் பயிற்சிக்கு இறக்கப்பட்டு, காளி தூக்கிப் போட்ட பயிற்சியில் இறந்தார். நீதிமன்றம் பள்ளியைப் பொறுப்பாக்கியது. இதுவும் ஒரு ‘தெரியுமா உங்களுக்கு’ ஆகிவிடுகிறது. இறந்தவர் தகவலாகிவிட்டால், அவரைப் பற்றிப் பேசுவதற்கு நாம் வருந்த வேண்டியதில்லை.

“அவங்க விருப்பப்பட்டுத்தானே செய்றாங்க, காசு வாங்குறாங்கல்லா?” நியாயமான ஆட்சேபம். மிக் ஃபோலியை எடுத்துக்கொள்வோம். 1998 ஜூன் 28 அன்று 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து அண்டர்டேக்கர் அவரைத் தூக்கி எறிந்தது பேசி வைத்தது, அவர் சம்மதித்தது. பிறகு கூண்டின் கூரை பிய்ந்து உள்ளே விழுந்தது பேசி வைக்காதது. சம்மதம் முதல் விழுதலுக்கு இருந்தது. இரண்டாவதற்கு இல்லை. நாம் இரண்டுக்கும் ஒரே மாதிரி கைதட்டினோம். ஒருவருடைய சம்மதம் அவருக்கு ஆபத்தை உண்டாக்கியவர்களின் பழியைக் குறைக்கலாம். அந்த ஆபத்தை இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டவனின் பங்கை அது அழிப்பதில்லை. கேட்டது யார்? அதையும் நேற்று பார்த்தாகிவிட்டது என்று சலித்துக்கொண்ட ரசிகன்தான். எல்லாம் தெரிந்த ரசிகனுக்குச் சலிப்பு சீக்கிரம் வரும்.

நிஜச் சண்டை என்று நம்புகிறவனுக்கு ஒரு சாக்கு உண்டு. ஒருவன் இன்னொருவனை அடித்தான், அது அவர்கள் பகை, நான் வேடிக்கை பார்த்தேன். உள்விஷயம் தெரிந்தவனுக்கு அந்தச் சாக்கு கிடையாது. அங்கே பகையே இல்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டு விழுகிறார்கள் என்றால், அவர்கள் விழுவது எனக்காக மட்டுமே.

2025 ஜூலையில் கதை எழுதுகிற அறையையே காட்டும் ஆவணத்தொடரை நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. திரைமறைவும் திரைக்கு வந்துவிட்டது. இனி ரகசியம் தெரிந்தவன் என்ற பெருமைக்குச் சந்தையில் மதிப்பில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. யார் ஜெயிக்கப்போகிறார் என்பது எழுதும் அறையில் முடிவாகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தபின், விழுந்தவருக்கு வைத்தியச் செலவு யார் தருகிறார்கள், நாற்பது வயதில் முழங்கால் போனபின் அவர் எதை வைத்துச் சாப்பிடுகிறார் என்று கேட்கவும் ரசிகனுக்கு நேரம் இருக்க வேண்டும். அந்தப் பழைய சீட்டுகளில் போட்ட சண்டைக்கும் ஜெயித்த சண்டைக்கும் கட்டம் இருந்தது. எத்தனை முறை விழுந்தார் என்பதற்குக் கட்டம் இருந்ததில்லை.