தோளில் குறி, கல்லில் பெயர்

அறப்பணிக்குப் பணம் திரட்டுவதற்கென்றே ஒரு பச்சை வடிவத்தை வரைந்து, நன்கொடை தருவோர் உடலில் அதைக் குத்திவிடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. 2017 மே 22 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகர இசையரங்கில் குண்டு வெடித்து 22 பேர் மாண்டனர். அதன்பின் பச்சை குத்தும் கலைஞர்கள் அந்நகரின் சின்னமான தேனீயை 50 பவுண்டு நன்கொடைக்குக் குத்தி, திரண்ட தொகையைப் பாதிக்கப்பட்டோருக்கு அளித்தார்கள். கொடுத்தவர் தம் கொடையின் அடையாளத்தைத் தம் உடலிலேயே தாங்கலாமா, தாங்கினால் அறத்தின் பயன் கூடுமா குறையுமா என்ற கேள்வி இதில் எழுகிறது. காவிரிப் படுகையின் கோயில்களும் அடியார் கதைகளும் இந்தக் கேள்விக்கு நீண்ட காலமாகவே விடை தேடி வந்திருக்கின்றன.

கொடுத்தவரின் பெயருக்கு இந்நாட்டில் உரிய இடம் கல். தான் கொடுத்ததையும், தன் தமக்கையும் தேவியரும் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லிலே வெட்டும்படி முதலாம் இராசராசன் ஆணையிட்டான். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள்; அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் இந்த ஆடுகளைச் சொல்வது, கொடையின் முதல் ஒருபோதும் குறையக் கூடாது என்பதால்தான். கொடுத்தவரும் ஆட்டைப் பெற்றவரும் மறைந்த பிறகும் பொறுப்பு யாரைச் சேரும் என்பதைக் கல் சொல்லிக்கொண்டிருக்கும். இந்த அறத்தைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்ற பொருளில் முடியும் கல்வெட்டுகள் பல. பெயர் பொறித்தவர், தாம் என்றும் காணப்போகாத ஒருவரின் காலடியில் தம் தலையை வைக்கிறார். இதைத் தற்பெருமை என்று தள்ளிவிட முடியாது. திருக்குறளின் இல்லறவியலில் ஈகை 23ஆம் அதிகாரம். அதை அடுத்தே புகழ் வருகிறது. கொடையால் வரும் புகழைத் தமிழ் அறநூல் குற்றமாகக் கருதவில்லை.

உடலில் இடும் குறியின் நிலை வேறு. அது கொடுத்தவருக்கு உரியதாக இல்லை. கொடுக்கப்பட்டவருக்கு உரியதாகவே இருந்தது. சோழர் காலத்தில் சிவன் கோயிலுக்கு உரிய பெண்களுக்குச் சூலக் குறி இடப்பட்டது. கோயிலுக்குரிய பெண்கள் சிலருக்கு அரண்மனை முத்திரை இடப்பட்டு, பின்னர் அரசாணையால் அது நீக்கப்பட்டுச் சூலம் பொறிக்கப்பட்ட செய்தியை முதலாம் குலோத்துங்கன் காலத்துக் காளத்திக் கல்வெட்டு தருகிறது. யாருடைய உடைமை என்பதில் நேர்ந்த பிழையை, அந்தப் பெண்களின் தோலின்மேலேயே திருத்தி எழுதியிருக்கிறார்கள். இத்தகைய கோயில் அடிமைக்குப் பஞ்சமும் ஆள் சேர்த்தது. 1201ஆம் ஆண்டை ஒட்டிய கடும் பஞ்சத்தில் வேளாளர் ஒருவர் தம் இரு மகள்களோடு 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விலையானார். நெல் விளையும் நாட்டிலேயே இது நடந்தது. கோயிலின் கணக்கில் இதுவும் அறத்தின் பக்கமே எழுதப்பட்டிருக்கும். உடற்குறியைப் பற்றி யோசிப்பவர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது நேர்மையாகாது.

அதே சூலக் குறியைத் தாமே கேட்டுப் பெற்றவர் திருநாவுக்கரசர். சமணத்தைச் சார்ந்திருந்த உடலோடு வாழ விரும்பாமல், சூலமும் இடபமும் தம்மேல் பொறிக்க வேண்டுமென்று பெண்ணாகடத்துத் திருத்தூங்கானைமாடத்தில் அவர் வேண்டினார். பூதம் ஒன்று வந்து அவர் தோளில் அவற்றைப் பொறித்தது என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம். அடிமையின் குறியை விரும்பி ஏற்றவர் பிறகு செய்தது என்ன என்பதற்குத் திருவீழிமிழலையில் விடை கிடைக்கிறது. பஞ்ச காலத்தில் அடியார்க்கு உணவளிக்க, கோயிலின் கிழக்குப் பீடத்தில் உடனிருந்த திருஞானசம்பந்தருக்கும் மேற்குப் பீடத்தில் நாவுக்கரசருக்கும் நாள்தோறும் ஒரு காசு கிடைத்தது. நாவுக்கரசரின் காசு கடைத்தெருவில் முழு மதிப்புக்குப் போயிற்று. சம்பந்தரின் காசுக்கு வட்டம் பிடித்தார்கள். அவர் மடத்தில் சோறு ஆக நேரமாயிற்று. நாவுக்கரசர் கையால் தொண்டு செய்பவர், அதனால் அவருக்கு வாசியில்லாக் காசு, அதாவது வட்டம் பிடிக்கப்படாத காசு, என்பது சேக்கிழார் காட்டும் காரணம். தோளில் சூலம் இருந்தது காரணமாகச் சொல்லப்படவில்லை. கோயிலில் புல் செதுக்க உழவாரம் பிடித்த கைக்கே மதிப்பு. இந்த ஒரு கதை, அறக்குறி பற்றிய பெரும்பாலான வாதங்களைவிடத் தெளிவானது.

ஊர்ப்புறப் பச்சையில் இன்னொரு நம்பிக்கை உண்டு. அகத்திக் கீரையும் மஞ்சளும் எரித்த கரியைக் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குறத்தியர் கோலமும் தேளும் குத்தினார்கள். அரிசியும் வெற்றிலை பாக்கும் சில்லறைக் காசும் கூலி. சாகும்போது நகையைக் கழற்றிவிடுவார்கள், பச்சை மட்டும் கூட வரும் என்று பெண்கள் சொல்வார்கள். கழற்ற நகையே இல்லாத ஏழைப் பெண்ணுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் காவிரிப்பூம்பட்டினத்துப் பட்டினத்தார் கதை வேறு திசையில் போகிறது. வளர்ப்பு மகன் மருதவாணர் விட்டுச்சென்ற பெட்டியில் காதறுந்த ஊசி ஒன்றும் ஓலை ஒன்றும் இருந்தன; கடைசி வழிக்கு அந்த ஊசிகூட வராது என்று ஓலை சொன்னது. செல்வ வணிகர் துறவியானார். ஊசி வராதென்றால் ஊசி குத்திய பச்சையும் சிதையோடு போவதுதான். செய்த வினை மட்டுமே தொடரும் என்பது சைவத்தின் உறுதியான நிலை.

ஆகவே நன்கொடைப் பச்சையை இந்த மண்ணின் அளவுகோலால் அளந்தால், அது பணம் கட்டியதற்கான சான்றாக மட்டும் இருக்குமானால் அதற்குத் தனி அறப்பயன் இல்லை. கொடுத்த 50 பவுண்டுக்கு உள்ள பயன் உண்டு, அவ்வளவே. குத்திக்கொண்டவரை மேலும் தொண்டில் கட்டுப்படுத்தும் நோன்பாக அது அமைந்தால்தான் நாவுக்கரசரின் குறிக்கு அருகில் வரும். ஜெர்மனியில் 2023இல் ஓர் அமைப்பு உடல் உறுப்பு தானத்துக்கென எளிய வடிவம் ஒன்றை உருவாக்கி, பச்சைக்கூடங்கள் வழியே இலவசமாகக் குத்தச் செய்தது. பணம் கைமாறாத இந்த வடிவத்தில்தான் குறியும் கொடையும் ஒன்றாகின்றன. குறி தாங்கும் உடலே பிறருக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது, அதுவும் அவரவர் சம்மதத்தோடு. சோழர் காலச் சூலத்துக்கு இல்லாதது அந்தச் சம்மதம்.

நடைமுறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்திய விதிகளின்படி பச்சை குத்திக்கொண்டவர் ஓராண்டுக்கு இரத்ததானம் செய்ய முடியாது. ஊசிவழி பரவும் மஞ்சள் காமாலை முதலிய தொற்றுகளைக் கருதிய விலக்கு அது. தவறாமல் இரத்தம் கொடுத்து வருபவர் அறத்தின் பெயரால் பச்சை குத்திக்கொண்டால், அந்த ஓராண்டில் மருத்துவமனையில் காத்திருக்கும் ஒருவருக்குச் சேர வேண்டியது சேராமல் போகிறது. அத்தகையவர் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் தோளை வெறுமையாக விடுவதே முறை.