கரையேறாதவர்களின் படம்

சென்னையில் கிளம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகூர் என்று இறங்கி வேளாங்கண்ணியில் முடிக்கிற இரண்டு நாள் கார்ப் பயணத்துக்குத் திட்டம் போடுவது பெரிய காரியமில்லை. எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, எந்த இடத்தில் கடல் சாலையை ஒட்டி வரும் என்பதெல்லாம் கைப்பேசியிலேயே தெரிந்துவிடும். புதுச்சேரியைத் தாண்டிவிட்டால் சாலைக்கும் கடலுக்கும் நடுவே வயலும் உப்பங்கழியும் இறால் பண்ணையும் வந்து நிற்கும். அதற்குமேல் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே திரும்பி, பெரும்பாலும் ஒரு மீனவக் குப்பத்தின் வழியாகத்தான் போகவேண்டும். சிக்கல் அங்கே தொடங்குகிறது; அது போக்குவரத்துச் சிக்கல் அல்ல. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை ஏறியது இதே கரையில்தான். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மணலில் நின்றுகொண்டு கடலின் அழகை ரசிப்பது தகுமா? அதிலென்ன தப்பு என்பார் விடுமுறைக்கு வந்தவர். கூடவே கூடாது என்பார் ஒழுக்கம் பேசுகிறவர். இருவரும் ஒரே தவறான எண்ணத்திலிருந்துதான் பேசுகிறார்கள் என்பது என் கட்சி. கடலின் அழகு வேறு, அச்சம் வேறு, ஒன்றைப் பார்க்க மற்றதை மறைத்தாக வேண்டும் என்று இருவருமே நம்புகிறார்கள்.

இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1755 நவம்பர் 1, கிறித்தவர்கள் அனைத்துப் புனிதர்களையும் நினைவுகூரும் நாளில், லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தாலும் அதைத் தொடர்ந்த கடற்கோளாலும் தீயாலும் அழிந்தது. பூசைக்காகத் தேவாலயங்களில் கூடியிருந்தவர்கள் இடிபாடுகளில் நசுங்கினார்கள். அடுத்த ஆண்டே இமானுவேல் காண்ட் என்ற இளம் அறிஞர் நிலநடுக்கம் பற்றி மூன்று கட்டுரைகள் எழுதினார். தெய்வத்தின் தண்டனை என்று பேசாமல் இயற்கைக் காரணங்களைத் தேடினார். அதே காண்ட் 1790-இல் அழகியல் பற்றி எழுதிய நூலில், கொந்தளிக்கும் கடலும் எரிமலையும் எவ்வளவு அச்சமூட்டுகின்றனவோ அவ்வளவு நம்மைக் கவர்கின்றன என்றார், ஆனால் ஒரு நிபந்தனையோடு: பார்க்கிறவர் பாதுகாப்பான இடத்தில் இருக்கவேண்டும். அவருக்கு முன்பே 1757-இல் எட்மண்ட் பர்க்கும் இதைச் சொல்லியிருந்தார். காண்டுக்கு நியாயமாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் கேளிக்கையைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெரும்சக்திக்கு முன்னால் நம் உடல் ஒன்றுமில்லை என்று தெரிகிற அதே நேரத்தில் அறமும் அறிவும் அதற்கு அடங்காதவை என்று உணர்கிறோம், மேன்மை அங்கேதான் என்பது அவர் வாதம். பிற்காலச் சுற்றுலா அந்த உணர்வை உதிர்த்துவிட்டுப் பாதுகாப்பான இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. கடல் தெரிகிற அறைக்குக் கூடுதல் வாடகை வாங்குகிற விடுதிகளுக்கு அந்த நிபந்தனையே முதலீடு.

தமிழ் மரபு கடற்கரையைப் பார்த்த விதம் வேறு. தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாக வைத்தது. அந்த நிலத்துக்குரிய உணர்வு இரங்கல் என்று இலக்கண மரபு வகுத்தது. புன்னையும் தாழையும் வெண்மணலும் உப்பங்கழியும் நெய்தல் பாடல்களில் வருகிற அளவுக்கு வேறெங்கும் வருவதில்லை. அழகை இவ்வளவு விரிவாகச் சொல்கிற குரல் பெரும்பாலும் யாரையோ எதிர்பார்த்துக் கரையில் நிற்பவளின் குரல், அல்லது அவள் தோழியின் குரல். அவள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்க்கிறவள் அல்ல. அவள் வீட்டு ஆண்கள் போகிற கடல் அது, உணவும் உப்பும் வருகிற கடல் அது. இதை மிகைப்படுத்தவும் கூடாது. சங்கப் பாடல்களை எழுதியவர்கள் எல்லோரும் பரதவர்கள் அல்லர். அந்த இரங்கல் காதலின் பிரிவைப் பற்றியது, சாவைப் பற்றியது அல்ல. ஆனாலும் துயரத்தில் இருப்பவரின் கண்ணுக்குத்தான் கரையின் அழகு முழுதாகத் தெரிகிறது என்று ஒரு கவிதை மரபே கருதியிருக்கிறது என்றால், அழகை ரசிக்கத் துயரத்தை மறந்தாக வேண்டும் என்ற நிபந்தனை எல்லா ஊருக்கும் பொதுவானதல்ல.

இலக்கியத்தைவிட உறுதியான சான்று அந்தச் சாலையின் வழிபாட்டிடங்களிலேயே இருக்கிறது. வேளாங்கண்ணித் திருத்தலத்தின் மரபுக் கதைகளில் ஒன்று, மக்காவு துறைமுகத்திலிருந்து இலங்கைக்குப் போன போர்ச்சுக்கீசிய மாலுமிகள் புயலில் சிக்கி, மாதாவை வேண்டி, செப்டம்பர் 8-ஆம் நாள் இந்தக் கரையில் ஒதுங்கினார்கள் என்பது. நன்றியாக அவர்கள் சிற்றாலயத்தைக் கட்டி, கப்பலிலிருந்த பீங்கான் தட்டுகளையும் பீடத்தில் பதித்தார்கள் என்று சொல்வார்கள். ஆண்டுத் திருவிழா அதே தேதியில்தான் நிறைவடைகிறது. சில கிலோமீட்டர் வடக்கே நாகூரில், 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாகுல் ஹமீது ஆண்டவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது எங்கோ நடுக்கடலில் ஓட்டை விழுந்து மூழ்கிக்கொண்டிருந்த கப்பலை அறிந்து, கையிலிருந்த கண்ணாடியை எறிந்து அந்த ஓட்டையை அடைத்தார் என்பது நம்பிக்கை. அவர் பெயரிலான தர்காவின் உயரமான மனோராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இன்னும் வடக்கே பூம்புகாரில், கோவலனின் முன்னோர் ஒருவரைக் கப்பல் உடைந்தபோது காத்தது மணிமேகலா தெய்வம் என்றும், அந்த நன்றியால்தான் கோவலன் மகளுக்கு மணிமேகலை என்ற பெயர் என்றும் காப்பியம் சொல்கிறது. மதங்கள் வேறு, தெய்வங்கள் வேறு, நிகழ்ச்சி ஒன்றே. மூழ்க இருந்தவர் கரையேறுகிறார், நேர்த்திக்கடன் செலுத்துகிறார். இந்த இடங்களுக்குக் கடல் ஒரு காட்சிப் பொருளே அல்ல. அங்கே நிற்பவர்கள் கடலை ரசிக்கவும் இல்லை, அதைக் கண்டு ஓடவும் இல்லை, கணக்குத் தீர்க்கிறார்கள். ரசிக்கலாமா, துக்கப்பட வேண்டுமா என்ற இரண்டைத் தவிர வேறு வழியில்லை என்று நினைக்கிற இன்றைய பயணிக்கு, நன்றி என்ற மூன்றாவது நிலை இந்தக் கரையில் பழக்கத்திலேயே இருந்திருக்கிறது.

நன்றியைச் சொன்னவுடன் ஒரு கடுமையான ஆட்சேபம் எழும். அதை முதலில் எழுப்பியவராகச் சொல்லப்படுபவர் மீலோஸ் தீவின் டயகோரஸ் என்ற கிரேக்க நாத்திகர். சிசெரோ தெய்வங்களின் இயல்பு பற்றிய நூலில் இதைப் பதிவு செய்கிறார். சமோத்திராக்கித் தீவில், புயலிலிருந்து தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த படங்களைக் காட்டி, தெய்வங்கள் மனிதரைக் கவனிப்பதில்லை என்கிறாயே, இத்தனை பேர் பிழைத்திருக்கிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். மூழ்கியவர்களின் படம் எங்கும் இல்லையே, அதனால்தான் உனக்கு அப்படித் தெரிகிறது என்றார் டயகோரஸ். இந்தப் பதிலின் கூர்மை வேளாங்கண்ணியில் முழுதாக உறைக்கும். 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமை, திருத்தலத்துக்கு வந்து கடற்கரைக்கு இறங்கியவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. கோயிலுக்குள் இருந்தவர்கள் பிழைத்தார்கள், அது அற்புதம் என்றார்கள். அப்படியானால் மணலில் நின்ற குழந்தைகள் எந்தக் கணக்கில் சேர்வார்கள்? வேண்டுதலில் குறை என்றோ, முன்வினை என்றோ, பெருந்திட்டத்தின் ஒரு பகுதி என்றோ சொல்லலாம். லிஸ்பனுக்குப் பிறகு 1756-இல் வால்டேர் வெளியிட்ட கவிதை இந்த மாதிரி ஆறுதல்களைத்தான் தாக்கியது, அந்தத் தாக்குதலுக்கு இன்னும் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ரூசோ வால்டேருக்கு எழுதிய கடிதத்தில், ஆறேழு மாடி வீடுகளை நெருக்கிக் கட்டியது இயற்கையா என்று கேட்டார். பயனுள்ள கேள்விதான். பிச்சாவரம் பக்கம் அலையாத்திக் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைந்தது என்று சில ஆய்வாளர்கள் எழுதினார்கள், வேறு சிலர் மறுத்தார்கள். விவாதம் கடவுளை விட்டுவிட்டு மனிதர் செய்ததன் பக்கம் நகர்ந்ததே லாபம். ஆனால் அடுத்த அலைக்குத் தயாராவது எப்படி என்பதற்குத்தான் அதில் விடை இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அதைச் சொல்ல முடியாது.

டயகோரஸின் ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டே நன்றிக்கு இடமிருக்கிறது என்று நான் வாதிடுவேன். மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. காணாமல் போன மகனைத் தேடி அலைந்த சோழ மன்னன் இந்திர விழாவை மறந்தபோது, புகார் நகரத்தைக் கடல் கொள்ளச் செய்ததும் அதே மணிமேகலா தெய்வம்தான். காத்ததும் அழித்ததும் ஒரே கை. இறையியலாக இது திருப்தி தருவதல்ல. மகனை இழந்த தகப்பனின் மறதிக்கு ஊர் முழுவதும் தண்டனையா என்று யாரும் கேட்பார்கள். ஆனால் அந்தக் காப்பியம் மூழ்கியவர்களின் படத்தை மறைக்கவில்லை. பிழைத்தவனின் நன்றியும் மூழ்கிய நகரத்தின் கதையும் ஒரே நூலில், ஒரே தெய்வத்தின் பெயரில் இருக்கின்றன. இன்றைய குப்பங்களிலும் அப்படித்தான். டிசம்பர் 26 அன்று இந்தக் கரையின் பல ஊர்களில் மீனவர்கள் தொழிலுக்குப் போவதில்லை. கரையில் கூடிக் கடலில் பாலும் பூவும் விடுகிறார்கள். கொன்ற கடலை மன்னித்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் சொன்னால் அது மேலோட்டம். மறுநாள் அதே கடலுக்குப் படகைத் தள்ளியாக வேண்டும். பிழைப்புக்கு நன்றியும் போனவர்களுக்கு இரங்கலும் ஒரே குவளையில் ஊற்றப்படுகின்றன. ஒருவரைத் தனியாகத் தேர்ந்தெடுத்துத் தெய்வம் காப்பாற்றியது என்று சொல்லும்போதுதான் நன்றி அநியாயமாகிறது. பக்கத்தில் இரங்கலை நிறுத்திக்கொண்ட நன்றி அப்படி எதையும் கோருவதில்லை. டயகோரஸ் குறைசொன்னது தப்பியவர் படங்கள் மட்டுமே மாட்டிய சுவரை. வேளாங்கண்ணியிலேயே நேர்த்திக்கடன் காணிக்கைகளும் உண்டு, ஆழிப்பேரலையில் இறந்தவர்களுக்கான நினைவிடமும் உண்டு. ஆக, மூழ்கியவர்களின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றுவது நம்முடைய இரண்டு நாள் பயணத் திட்டம்தான்.

இறந்தவர்கள் இல்லாத மண் எங்கே இருக்கிறது, இப்படிப் பார்த்தால் எந்த ஊருக்கும் சந்தோஷமாகப் போக முடியாதே என்று கேட்கலாம். ஆண்டு முழுவதும் உழைத்துவிட்டு இரண்டு நாள் காற்று வாங்கப் போகிறவர் தலையில் ஏன் இந்தப் பாரம்? உணர்ச்சியைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்காக அழவேண்டும் என்று யாரையும் கேட்பது போலித்தனத்தைத்தான் வளர்க்கும். நான் பேசுவது அறிந்து பார்ப்பதைப் பற்றி. அறிவதால் அழகு குறைவதில்லை என்பதற்கு மாமல்லபுரமே போதும். ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கடற்கரைக் கோயிலின் அழகில் பாதி, அலை அடிக்கிற இடத்தில் கல்லை நிறுத்திய துணிச்சல். உப்புக் காற்று சிற்பங்களின் முகத்தை அரித்திருக்கிறது, இன்று கற்பாறைத் தடுப்புகள்தான் கடலைத் தள்ளி நிறுத்தியிருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டவர் தெரியாதவரைவிட அதிகமாகவே பார்க்கிறார். இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: துயரம் நடந்த இடத்தைத் தேடிப் போய்ப் பார்ப்பது, அதன்முன் படம் எடுத்துக்கொள்வது, துயரத்தையே காட்சியாக்குவதல்லவா? ஆம். தனுஷ்கோடியில் அதைத்தான் பார்க்கிறோம். 1964 டிசம்பர் புயல் ஒரு ரயிலையே பயணிகளோடு வாரிக்கொண்டுபோன ஊர் அது. இடிந்த தேவாலயத்தின் முன்னால் சிரித்தபடி நிற்கிறார்கள், பக்கத்தில் ஓலைக் குடிசையில் வாழ்கிற மீனவக் குடும்பங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆகவே திட்டத்தில் நினைவிடத்தையும் ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிட்டால் கடமை முடிந்தது என்று நான் சொல்லவில்லை.

நான் திருத்தச் சொல்வது காண்டின் பாதுகாப்பான இடத்தை. அந்த இடம் தானாக அமைவதில்லை, யாரோ யாருக்கோ ஒதுக்குகிறார்கள். ஆழிப்பேரலைக்குப் பிறகு, பாதுகாப்பைக் காரணமாகச் சொல்லி மீனவக் குடியிருப்புகளைக் கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டியபோது, எங்களுக்கு ஆபத்தான கரை விடுதிகளுக்கு மட்டும் எப்படி ஆபத்தில்லாமல் போகிறது என்று மீனவர் தரப்பில் கேட்டார்கள். அழகியல் கேள்வியாக நாம் எடுத்துக்கொண்டது அங்கே குடியிருப்புக் கேள்வியாக, வலை உலர்த்த இடம் எங்கே என்ற கேள்வியாக இருந்தது. கடலைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டிய தொழில் அது. நீரோட்டத்தையும், வாடையா கொண்டலா கச்சானா என்று காற்றையும் கரையில் நின்று பார்த்துத்தான் படகை இறக்குவார்கள். அந்தப் பார்வையை இரண்டு கிலோமீட்டர் உள்ளே அனுப்பிவிட்டு, அதே இடத்தில் விடுமுறைக்காரரின் பார்வையை உட்காரவைத்தால், அங்கே கிடைக்கிற அழகுக்கு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள். பயணி அந்த விடுதியைத் தவிர்த்துவிட்டால் உலகம் மாறிவிடாது. ஆனால் தன்னுடைய ரசனை யாருக்கும் பாதிப்பில்லாத தூய இன்பம் என்று அதன்பிறகு அவர் சொல்லிக்கொள்ள முடியாது.

நடைமுறையில் இது காலத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே தொடங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். துறைமுகங்களில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், படத்துக்கு அழகாக இருக்கும், மீனவர் வீடுகளில் வருமானம் இருக்காது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் வசதி. பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்று டிசம்பர் கடைசி வாரத்தில் வேளாங்கண்ணியிலோ தரங்கம்பாடியிலோ அறை எடுப்பவர்கள்தான் அதிகம். எடுக்கட்டும். 26-ஆம் தேதி காலை கரையில் கூட்டம் இருந்தால் கொஞ்சம் தள்ளி நிற்கலாம், கைப்பேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அந்த ஊரில் புது மீன் இருக்காது. ஏன் இல்லை என்று உணவகத்தில் சண்டை போடாமல் சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.