‘வுஜூத்’ என்னும் சொல்லும் அதன் மொழிபெயர்ப்பும்



பிறர் மதத்தை ஆராயப் புகுவோர் முதற்கண் அதனை அம்மதத்தினர் கூறுமாறே கூறுதல் வேண்டும் என்பது நம் ஆசிரியர் மரபு. அருணந்தி சிவாசாரியர் தமது சித்தியாரில் சுபக்கத்திற்கு முன்னர்ப் பரபக்கத்தை நிறுத்தியதும் இதுபற்றியே. பிறன் கூறாத ஒன்றைக் கூறினானாகக் கொண்டு மறுப்பது வீண்முயற்சி. அன்றியும் அது பழியுமாம். இப்பழிக்கு யாமே ஒருகால் ஆளாக இருந்தோம். அதனை ஈண்டு மறையாது கூறுவோம்.

பாரசீக நாட்டிற் பிறந்த பஹாவுல்லா (1817–1892) நிறுவிய பஹாய் சமயத்தின் நூல்கள் அரபியிலும் பாரசீகத்திலும் அமைந்தவை. அவர்தம் மைந்தர் அப்துல் பஹா (1844–1921), அக்கா நகரில் 1904 முதல் 1906 வரை, லாரா கிளிஃபர்டு பார்னி என்னும் அமெரிக்க அம்மையார் வினவியவற்றிற்குக் கூறிய விடைகள், அவரே பார்த்துத் திருத்தியபின் 1908-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. பாரசீகத்தில் அதன் பெயர் ‘முஃபாவதாத்’. அதன் எண்பத்திரண்டாம் பகுதி ‘வஹ்ததுல் வுஜூத்’ என்பதைப் பற்றியது. அம்மையாரின் ஆங்கிலப் பெயர்ப்பில் அதற்கு இடப்பட்ட தலைப்பு ‘பாந்தியிசம்’. அஃதாவது, எல்லாம் கடவுளே என்னும் கொள்கை. யாம் அத்தலைப்பைக் கண்ட அளவிலே, இவரும் உலகையும் இறையையும் ஒன்றென்பாரே போலும் என்று கருதி, மறுப்புரை ஒன்று எழுதத் தொடங்கிவிட்டோம். பகுதியைப் படித்து முடித்தபோது நாணினோம். அங்கே அக்கொள்கை எடுத்துரைக்கப்பட்டுப் பின் மறுக்கப்பட்டிருந்தது. 2014-இல் வந்த திருத்திய பெயர்ப்பில் அத்தலைப்பு ‘உளதாதலின் ஒருமை’ எனப் பொருள்படுமாறு மாற்றப்பட்டுள்ளது.

அற்றேல், ‘வுஜூத்’ என்பதன் பொருள்தான் யாதோ எனின், அரபியில் அதன் பகுதி ‘கண்டடைதல்’ என்னும் பொருட்டு. ‘வுஜூத்’ காணப்படுதல், ‘மவ்ஜூத்’ காணப்பட்டது. கிரேக்க நூல்களை அரபியிற் பெயர்த்த பண்டையோர்க்குப் பேரிடர் ஒன்று நேர்ந்தது. கிரேக்கர் ‘இது இன்னதாக இருக்கிறது’ என்புழி இடும் வினைச்சொல் அரபி வாக்கியத்துக்கு வேண்டாதது. தமிழில் ‘அவன் புலவன்’ என்று நிறுத்திவிடுகின்றோமல்லமோ, அதுபோல. 950-இல் மறைந்த ஃபாராபி என்னும் தத்துவ அறிஞர் இக்குறையை விரித்துப் பேசியுள்ளார். பாரசீகத்தார்க்கோ ‘ஹஸ்த்’ என்னும் சொல் உண்டு; அது வடமொழி ‘அஸ்தி’யோடு ஒரு வேரினது. அரபியர் ‘காணப்படுதல்’ என்பதனையே அவ்விடத்தில் நிறுத்தி, அதன்மேல் தம் தத்துவம் முழுதும் கட்டினர். பஹாய் நூல்கள் அச்சொல்லை அவர்பால் நின்றே பெற்றன.

இனி அதனைத் தமிழில் யாதென்பது? ‘சத்து’ என்றால் இடர் வரும். நமக்குச் சத்தாவது சிவம் ஒன்றே. உயிர் சதசத்து, பாசம் அசத்து. அப்துல் பஹாவோ இறைக்கும் படைப்பிற்கும் ‘வுஜூத்’ என்னும் ஒரு சொல்லையே வழங்கி, ஒன்று காரணமற்றது, மற்றொன்று காரணத்தால் வந்தது எனப் பிரிக்கின்றார். ‘இருப்பு’ என்றால் வணிகரின் கணக்கேடே முதலில் நினைவுக்கு வரும். ‘உண்மை’ மிக நல்ல சொல். பதியுண்மை, பசுவுண்மை என்று நம் உரையாசிரியர் வழங்குமிடத்து உளதாதலே அதன் பொருள். ஆயின் இக்காலத்தார் அதனை வாய்மையென்றே கொள்வர். ஆதலின் யாம் ‘உளதாதல்’ என்றே கொண்டோம். நெடியதாயினும் மயக்கந் தாராது.

இதன் மறுதலையாகிய ‘அதம்’ என்பதில் ஒரு வியப்பு உண்டு. முழு இன்மை உளதாதலாக மாறவே மாட்டாது என்கின்றார் அப்துல் பஹா. ஒரு பொருள் இன்மையினின்று வந்ததென்றால், முன்னிருந்த நிலை இப்போதைய நிலையை நோக்க இன்மை போல்வது என்பதே கருத்தாம்; மனிதனை நோக்கக் கல் இல்லாததே, தன்னளவில் அது உளதே. ‘இல்லது தோன்றாது’ என்று பயின்ற நமக்கு இது புதிதன்று. ஆகவே முழு அதத்தை ‘இன்மை’ என்றும், நோக்கால் வரும் அதத்தை ‘அசத்து’ என்றும் இரு சொல்லாற் பிரித்தல் தகும். அசத்து என்பதற்குச் சூனியம் என்று பொருள் கொள்ளாத நம் வழக்கு இங்கே பெரிதும் உதவுகின்றது.

‘கதீம்’ என்பதில் நம் வழக்கே தடையாகின்றது. அதனை ‘அநாதி’ என்று பெயர்க்க நா எழும். ஆயின் அந்நூல் கதீமை இரண்டாக்குகின்றது: காரணத்தால் முற்படப்படாமை ஒன்று, காலத்தால் தொடக்கமின்மை மற்றொன்று. முன்னது இறைக்கே உரியது. படைப்பு மொத்தமாக நோக்கின் காலத்தொடக்கம் இல்லாததேனும் காரணமுடையது. முப்பொருளையும் அநாதியென்னும் நாம், ‘அநாதி’ என்ற அளவில் நிறுத்துவோமாயின், படைப்பும் தற்சார்புடையதென்று அவர் கூறியதாக முடியும். ‘காரணமிலி’ என்றும் ‘காலத்தால் ஆதியிலி’ என்றும் வேறுவேறு பெயர்த்தலே நேர்மை.

இனி வஹ்ததுல் வுஜூதுக்கு வருவோம். உளதாதல் ஒன்றே, அது கடல். பொருள்களெல்லாம் அதன் அலைகள் என்பது சூஃபியர் சிலர் கூற்று. இதனை ‘அத்துவிதம்’ என்று பெயர்த்தால், மெய்கண்டார் அச்சொல்லுக்குக் கண்ட பொருளும் உடன் கலங்கும். ‘உளதாதலின் ஒருமை’ என்பதே போதும். பொருள்கள் அவ்வொன்றின் ‘ஸுஹூர்’ என்பர் சூஃபியர். அவை ‘ஸுதூர்’ என்பது தீர்க்கதரிசிகள் கொள்கையென விடுக்கின்றார் அப்துல் பஹா. ஸுஹூராவது வித்தே கிளையும் இலையும் மலருமாய் விரிதல் போல்வது. இதற்குப் ‘பரிணாமம்’ என்னும் சொல் கைவசம் உண்டு. ஸுதூராவது ஞாயிற்றினின்று கதிர் வருதல் போல்வது. பேசுவோனிடமிருந்து பேச்சும் எழுதுவோனிடமிருந்து எழுத்தும் வருதல் போல்வது. பேசுவோன் பேச்சாய் மாறுவதில்லை.

ஈண்டுத்தான் தமிழ்ப் பெயர்ப்பாளன் இடறுவன். ஞாயிறும் கதிரும் என்றவுடனே நம்மவர் குணகுணித் தொடர்பை, தாதான்மியத்தை, நினைவர்; பேச்சும் பேசுவோனும் என்றால் நிமித்த காரணத்தை நினைந்து, ‘முதற்காரணம் யாது?’ என்று வினவுவர். அந்நூலோ இரண்டு உவமையையும் ஒருங்கே வைத்து, முதற்காரணத்தைத் தனியே நாடாது செல்கின்றது. அது குறையா அன்றா என்பது வேறு ஆராய்ச்சி. பெயர்ப்பவன் அதனைத் தன் சொல்லால் முன்னரே தீர்த்துவிடலாகாது. ‘சிருட்டி’ என்றால் ஒரு விடை நுழைந்துவிடும். ‘பரிணாமம்’ என்றால் அவர் மறுத்ததே நுழையும். ‘போதரல்’ என்று இப்போதைக்கு இட்டு வைத்துள்ளோம். இதனினும் தக்க சொல் அறிந்த அன்பர் எழுதி விடுப்பாராயின் எழுதிவைத்த படியில் அதனை மாற்றிக்கொள்வோம்.