தாழ்ந்த சொல்லா, தாழ்த்தப்பட்ட சொல்லா?

"அகராதியிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது" என்று ஒருவர் கூறிவிட்டால் வாதம் முடிந்தது என்று கருதுவோர் பலர். சாத்திரம் சொல்லிற்று என்றால் 'ஏன்?' என்று கேட்கத் துணிந்த இளைஞர்கூட, அகராதி சொல்லிற்று என்றதும் அடங்கிவிடுகின்றனர். அதுவும் மனிதர் எழுதிய ஏடுதானே, தோழர்களே! அதனையும் சாட்சிக் கூண்டிலே நிறுத்தி நாலு கேள்வி கேட்டால் என்ன?

ஆங்கிலத்திலே ஒரு சின்னஞ்சிறு சொல். 'மீன்' என்று ஒலிக்கும். நம் ஆற்றிலே துள்ளும் மீனன்று. ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் தொடக்க வகுப்பிலேயே சந்திக்கும் சொல். "ஐயா, இதற்கு என்ன பொருள்?" என்று மாணவன் கேட்டால், "எந்த இடத்தில்?" என்று நான் திருப்பிக் கேட்டாக வேண்டும். கருதுதல் என்பது ஒரு பொருள். கணக்கு ஆசிரியரைக் கேட்டால் சராசரி என்பார். கஞ்சத்தனத்துக்கும் அதுவே, கயமைக்கும் அதுவே, தாழ்ந்த குடிப்பிறப்புக்கும் அதுவே! இறுதியில் ஒரு 'ஸ்' சேர்த்தாலோ வழிவகை, வசதி, செல்வம். 'மீன்' மனிதன் என்றால் இழிந்தவன். 'மீன்ஸ்' உள்ள மனிதன் என்றால் பணக்காரன். ஓர் எழுத்திலே இருக்கிறது உயர்வும் தாழ்வும்!

ஒலி ஒன்றாயினும் வேர் மூன்று என்பர் மொழிநூலார். கருதுதல் என்பது பழைய ஆங்கில வினை. நடு, சராசரி என்பன இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியே வந்தவை. இடையிலே நின்று உதவுவது என்ற கருத்தால் வழிவகையும், அதிலிருந்து செல்வமும் கிளைத்தன. மூன்றாவது வேர்தான் நம் சிந்தனைக்கு உரியது. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் என்ன தெரியுமா? பொது! எல்லார்க்கும் உரியது, எல்லாரும் பகிர்ந்துகொள்வது! எவ்வளவு இனிய பொருள்! அந்தப் 'பொது', 'பொதுமக்களைச் சார்ந்தது' ஆயிற்று. பின்னர் 'தாழ்ந்தது' ஆயிற்று. கடைசியில் 'இழிந்தது' ஆயிற்று. செருமன் மொழியிலும் இதன் உடன்பிறப்பான 'கெமைன்' என்ற சொல் இதே வழியிலேதான் சறுக்கி விழுந்தது.

1755-இல் இலண்டனிலே இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது சாமுவேல் ஜான்சனின் அகராதி. அதற்கு முன்னரும் ஆங்கில அகராதிகள் உண்டு. 1604-இலேயே ராபர்ட் காட்ரி ஒன்று வெளியிட்டார். அது கடுஞ்சொற்களின் பட்டியல். அன்றாடச் சொற்களை அலசி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பொருள் என்று எண்ணிட்டுக் காட்டியதிலே பெரும் புகழ் ஜான்சனுக்கே. 'எடுத்தல்' என்ற பொருளுள்ள 'டேக்' என்ற சொல்லுக்கு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள்! அந்த ஏட்டிலே 'மீன்' என்னும் அடைமொழிக்கு முதலாவது பொருள், தாழ்ந்த நிலையும் தாழ்ந்த பிறப்பும். இரண்டாவது, தாழ்ந்த மனம். ஒன்றும் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன, ஏதோ ஒன்றிலிருந்து மற்றொன்று தானே பிறந்ததுபோல!

எழுதியவர் யார்? ஏழைப் புத்தக வணிகரின் மகன். ஆக்ஸ்போர்டிலே படித்தபோது, செருப்பு கிழிந்து கால் வெளியே தெரிந்ததாம். இரங்கிய ஒருவர் புதுச் செருப்பு ஒன்றை அறைவாயிலிலே வைத்துச் செல்ல, அதனை வீசி எறிந்தவர் ஜான்சன். பணமின்றிப் பட்டம் பெறாமலேயே வெளியேறியவர். ஜமெய்க்காவிலே அடிமையாகப் பிறந்த பிரான்சிஸ் பார்பரைத் தம் வீட்டிலே வைத்திருந்து, 1784-இல் மறைந்தபோது தம் உடைமையின் பெரும்பங்கை அவருக்கே விட்டுச் சென்றவர். இத்தகையவர் நெஞ்சறிந்து ஏழையைப் பழித்திருப்பாரா? ஊர் பேசியதைப் பதிந்தார். பதிந்தவரைத் தூக்கிலிட வேண்டாம். ஆனால் பதிவை நீதி என்று தலைமேல் வைக்கவும் வேண்டாம்.

"சொற்கள் ஆறுபோல ஓடும், பொருள் மாறுவது இயற்கை, இதிலே சூது என்ன இருக்கிறது?" என்று கேட்பார் உண்டு. இயற்கைதான் என்றால், மேட்டிலிருந்தவன் சொல் மேலே போவதும் பள்ளத்திலிருந்தவன் சொல் கீழே போவதும் எப்படி? நற்குடியிற் பிறந்தவன் என்ற சொல்தான் 'ஜென்டில்', இன்று மென்மை. உயர்குடியான் என்ற இலத்தீன் சொல்தான் 'ஜெனரஸ்', இன்று வள்ளன்மை. மறுபுறம் பாருங்கள்: உழவன் என்ற டச்சுச் சொல் ஆங்கிலத்திலே 'பூர்' ஆகி, பண்பற்ற முரடன் ஆனது. திரையிலே கதாநாயகியைக் கடத்துகிறானே வில்லன், அவன் யார்? பண்ணையிலே பாடுபட்ட ஆள்! நிலத்தோடு கட்டப்பட்ட பண்ணையாளுக்கு இடைக்கால இங்கிலாந்திலே அதுவே பெயர். 1381-இல் அந்த மக்கள் திரண்டெழுந்து, பதினான்கு வயது மன்னன் இரண்டாம் ரிச்சர்டிடம் கேட்டது அந்தப் பண்ணை அடிமை முறையை ஒழிக்கத்தான். ஒழித்தேன் என்றான் மன்னன். ஆபத்து நீங்கியதும் சொன்ன சொல்லை விழுங்கினான். எழுச்சிக்குக் குரல் கொடுத்த ஜான் பால் கொல்லப்பட்டார். சொல் தவறிய மன்னனுக்கா 'வில்லன்' பெயர் வந்தது?

இன்னும் தெளிவான சான்று ஒன்று உண்டு. 'நேவ்' என்ற சொல்லும் 'நைட்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்திலே ஏறக்குறைய ஒரே பொருளுடையவை: சிறுவன், ஏவலிளைஞன். ஒரு சொல்லுக்குக் குதிரை கிடைத்தது, வாள் கிடைத்தது, மன்னன் அருகே இடமும் கிடைத்தது; 'நைட்' வீரப்பெருமகன் ஆனான். மற்றதற்கு ஏவல் வேலையே நிலைத்தது. 'நேவ்' போக்கிரி ஆனான். செருமனியிலே 'நைட்' என்பதன் உடன்பிறப்புக்குக் குதிரை கிடைக்கவில்லை. அங்கே அது வேலைக்காரனாகவே நின்றுவிட்டது. சொல்லின் பிறப்பிலா இருந்தது உயர்வு?

1857-இலே முன்மொழியப்பட்டு 1928-இலே முற்றுப்பெற்ற ஆக்ஸ்போர்டு பேரகராதி நமக்கு நல்ல கருவி. ஒவ்வொரு பொருளும் எந்த ஆண்டு, எந்த ஏட்டிலே தென்பட்டது என்று அது காட்டுகிறது. ஆண்டு தெரிந்துவிட்டால், 'என்றும் உள்ளது' என்ற மாயை கலைந்துவிடுகிறது.

அந்த ஏட்டிலே நம் நாட்டுச் சொல் ஒன்றும் உண்டு. பறை முழக்கியதால் பெயர் பெற்றோர் என்று சொல்லப்படும் தமிழ்மக்களின் பெயர், பதினேழாம் நூற்றாண்டிலே ஆங்கிலத்திலே ஏறி, 'பரையா' ஆயிற்று. முதலிலே ஒரு மக்களின் பெயர். பிறகு, எவராலும் ஒதுக்கப்பட்டவர் எவரோ அவர்க்கெல்லாம் பெயர். ஒதுக்கியது யார் என்பதற்கு அந்தச் சொல்லிலே இடமே இல்லை! இன்றும் பிற நாடுகள் ஒதுக்கிவைத்த அரசைக் குறிக்க ஆங்கில ஏடுகள் கூசாமல் இதையே எழுதுகின்றன. பாடத்திலே இந்தச் சொல் வரும் நாளில், 'ஒதுக்கப்பட்டவர்' என்று கரும்பலகையிலே எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்கு மனம் வருவதில்லை. முதற்பொருளிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள். பெரும்பாலும் அந்தப் பாடம் அன்றைக்கு முடிவதில்லை.