சர்வலகு என்னும் சரணாகதி

ராமநவமி வந்துவிட்டால் பெங்களூர் சாமராஜபேட்டையின் கோட்டை உயர்நிலைப்பள்ளி மைதானம் கோயிலாகிவிடும். 1939-ல் எஸ்.வி. நாராயணசுவாமி ராவ் ஆரம்பித்த ஸ்ரீராமசேவா மண்டலியின் சங்கீத உற்சவம் அது. செம்பையும் எம்.எஸ்.ஸும் பாடிய மேடை. ராமனுக்குப் பானகம், நீர்மோர், கோசம்பரி என்று நைவேத்தியம் ஆயிரம் இருக்கலாம். அந்தப் பந்தலில் அவன் விரும்பி ஏற்பது லயத்தைத்தான் என்று நான் நம்புகிறேன்.

ஒரு மாலைக் கச்சேரி. மேடைக்கு அருகில் தரையில் இடம் கிடைத்தது. மிருதங்கக்காரர் பிசைந்த ரவையை உருட்டித் இடப்பக்கத் தொப்பியின் நடுவில் அப்பி, உள்ளங்கையால் பரத்தினார். ஒரு தட்டு. திருப்தியில்லை. நகத்தால் ஓரத்தில் துளி ரவையை வழித்தெடுத்தார். மறுபடி ஒரு தட்டு. இப்போது தொப்பி அடிவயிற்றிலிருந்து பேசியது. அபிஷேகத்துக்கு முன் அர்ச்சகர் சந்நிதியைத் துடைப்பது போலிருந்தது அந்தச் சிரத்தை.

ஆதி தாளத்தில் ஒரு கீர்த்தனை. பாடகி நிரவலுக்குப் போனார். அதுவரை கணக்கும் மோராவுமாக ஜொலித்துக்கொண்டிருந்த மிருதங்கம் சட்டென்று எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுச் தாளத்தோடு நேராக நடக்கும் சர்வலகுவுக்கு வந்தது. நம் தீம் தீம் நம். அவ்வளவுதான், வேறெதுவும் இல்லை. இடக்கையின் கும்கி மட்டும் பாட்டின் அடியில் புகுந்து அதைத் தூக்கிக்கொடுத்தது. காலப்பிரமாணம் ஓடவில்லை, இழுக்கவில்லை, நின்றது. பக்கத்திலிருந்த கன்னடத்து மாமியின் கை தொடையில் விழுந்த அதே இடத்தில் என் கையும் விழுந்தது. முன்வரிசைத் தலைகள், ஓரத்தில் நின்ற போலீஸ்காரரின் பூட்ஸ் நுனி, எல்லாம் ஒரே இடத்தில் இறங்கின. யார் வாசிக்கிறார், யார் கேட்கிறார் என்ற பேதம் போயிற்று. கண்ணில் நீர் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. ராமா, நீ வந்துவிட்டாய் என்று மட்டும் தெரிந்தது.

கணக்கைக் குறை சொல்ல மாட்டேன். கோர்வை சமத்தில் வந்து விழும்போது எனக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் கோர்வை கைதட்டல் வாங்கும். சர்வலகு கைதட்டுவதையே மறக்கடிக்கும். கணக்கை உட்கார்ந்து எழுதிவிடலாம், வருஷக்கணக்கில் சாதகம் செய்து கையில் ஏற்றிவிடலாம். சர்வலகுவின் சொற்களோ முதல் வருட மாணவனுக்கே தெரிந்தவை. அவற்றில் சௌக்கியம் இறங்குவதற்கு வாசிப்பவர் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆசையை விட வேண்டும். அதனால்தான் அதைச் சரணாகதி என்கிறேன்.

மேற்கத்திய இசைக்காரர்கள் க்ரூவ் என்று உருகுவதும் இந்தத் தெய்வத்தைத்தான். அலங்காரம்தான் ஊருக்கு ஊர் வேறு. ஜாஸில் டிரம்ஸ்காரரின் ரைடு சிம்பலும் பேஸும் கைகோத்து நடக்கும். சரிபாதியாக விழ வேண்டிய இரண்டு ஸ்வரங்களில் முதலாவது கொஞ்சம் நீண்டு, அடுத்தது துள்ளி விழும். ஜேம்ஸ் பிரவுனின் ஃபங்க்கில் முதல் தட்டுதான் மூலவர், மற்றதெல்லாம் பிராகாரம். ஜமைக்காவின் ரெகேயில் பல பாட்டுகளில் முதல் தட்டைக் காலியாக விட்டு மூன்றாவதில் மொத்தப் பாரத்தையும் இறக்குவார்கள். சமத்தை விட்டு அரை இடம் தள்ளி எடுக்கும் பல்லவியில் ஊறியவனுக்கு இந்தச் சுகம் புரியாமல் போகுமா?

பெங்களூருக்கு அது புரிந்து வெகுகாலமாயிற்று. மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி 1964-லேயே இங்கே கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்குஷனைத் தொடங்கினார். அவருடைய குழுவும் பாடகி ஆர்.ஏ. ரமாமணியும் அமெரிக்க சாக்ஸபோன் மேதை சார்லி மரியானோவும் சேர்ந்து தந்த ‘ஜ்யோதி’ என்ற இசைத்தட்டு 1983-ல் பதிவானது. மரியானோ இந்தியா வந்து நாகஸ்வரம் பயின்றவர். கீழே விழுந்து கும்பிடத் தெரிந்த மனசு அவருடையது. கேட்டுப் பாருங்கள், அந்த சாக்ஸபோன் மிருதங்கத்தோடு போட்டிக்கு நிற்காது. ரமாமணியின் குரல் ஜதிகளில் ஏறும்போது அதன் நிழலில் ஒதுங்கிக்கொள்ளும். மணி 2020-ல் மறைந்தார். அந்த நடை இந்த ஊர்க் காற்றில் இருக்கிறது.

கடம் சுகன்யா ராம்கோபாலும் எங்கள் ஊர்க்காரர்தான். விக்கு விநாயகராமின் சிஷ்யை. மானாமதுரை மண்ணாலான கடம் அவர் மடியில் பேசும்போதும் நான் கேட்பது அதே சரணாகதியின் அழைப்பு.

அந்த அழைப்பு மேடையோடு நிற்பதில்லை, தெருவிலும் கேட்கும். சித்திரைப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து கரகம் புறப்படும். மல்லிகைக் கோபுரம் தலையில் அசையும். வீரகுமாரர்கள் கோவிந்தா, கோவிந்தா என்று முழங்குவார்கள். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவிலும் கரகம் நின்று போகும். ராகமில்லை, பல்லவியில்லை. மேளத்துக்கு எட்டு வைக்கும் கால்கள் மட்டும். நானும் அந்தக் கூட்டத்தில் கரைந்து நடந்திருக்கிறேன். கால் என்னுடையதாக இல்லை.

பசவனகுடியில் 15 அடி உயர ஒற்றைக்கல்லாய் வீற்றிருக்கும் நந்திகேசுவரா! ஈசன் ஆட, மிருதங்கம் வாசிப்பவன் நீ. அவன் ஆட்டத்தை மறைக்காத வாசிப்பு உன்னுடையது. மரியானோவின் மூச்சிலும், பெயர் தெரியாத ஜமைக்கா டிரம்ஸ்காரன் கையிலும், கரகத்தின் முன் மேளம் கொட்டுகிறவன் தோளிலும் இருப்பவன் நீயே என்று கண்டுகொண்டேன். வாசிக்கத் தெரியாத எனக்கு நீ கொடுத்தது தாளம் போடும் ஒரு கை. அது தப்பான இடத்தில் விழாமல் காப்பாற்று, பசவேசா. அடுத்த ராமநவமிக்கும் அந்தப் பந்தலில், தரையிலானாலும் சரி, ஓர் இடம் கொடு.