நாதத்தின் தூய்மையும் கருவியின் பிறப்பும்

இறைவன் திருமுன் ஒலிக்கும் இசையின் தூய்மை அதை எழுப்பும் கருவியைச் சார்ந்ததா, எழும் நாதத்தைச் சார்ந்ததா என்னும் வினாவை ஆராய்வோர் திருவனந்தபுரத்திலிருந்து தொடங்குவது தகும். பத்மநாபசுவாமி கோயிலை அடுத்த நவராத்திரி மண்டபத்தில், பத்மநாபபுரத்திலிருந்து எழுந்தருளும் சரஸ்வதியின் முன்னிலையில், சுவாதித் திருநாள் மகாராஜாவின் கிருதிகள் ஒன்பது மாலைகளிலும் பாடப்படுகின்றன; கைதட்டலுக்கு இடமில்லாத அக்கச்சேரி வழிபாடாகவே கொள்ளப்படுகிறது. ஆயினும் அங்கே பாடகரைத் தொடர்ந்து ஒலிக்கும் வயலின் ஐரோப்பாவில் பிறந்தது. அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர்களுள் ஒருவரான, தஞ்சை நால்வரில் இளையவர் வடிவேலுவுக்கு 1834-இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தவரும் சுவாதித் திருநாளே.

அம்மன்னர் மறைந்த 1846-ஆம் ஆண்டில்தான் பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ், சாக்ஸபோனுக்குப் பாரிஸில் காப்புரிமை பெற்றார். படையணி வாத்தியக் குழுக்களில் வளர்ந்து ஜாஸில் புகழ்பெற்ற அக்கருவியை, தென் கன்னடத்தில் 1949-இல் நாகஸ்வரக் கலைஞரின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனைக் குழுவின் வாசிப்பில் கேட்டு ஈர்க்கப்பட்டு, பின்னர் சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்று, ராகத்துக்கு வசப்படுத்தினார். இதன் அருமை கருவியின் அமைப்பை அறிந்தால்தான் விளங்கும். நாகஸ்வரத்தில் விரல் துளையின்மேல் நேரே படுவதால், ஒரு சுரத்தை அண்டைச் சுரங்களைத் தொட்டு அசைத்து இழைக்கும் கமகம் இயல்பாக வரும். சாக்ஸபோனிலோ விரலுக்கும் துளைக்கும் இடையே உலோகச் சாவிகள் நிற்பதால் சுரங்கள் துண்டு துண்டாகவே பிறக்கும். கருவியில் மாற்றங்கள் செய்தும், உதட்டையும் மூச்சையும் பல்லாண்டு பழக்கியும் அவர் அத்தடையைக் கடந்தது தவத்துக்கு ஒப்பானது.

மேற்கிலும் இக்கருவி வழிபாட்டிசையோடு இணைந்ததுண்டு. பதினான்காம் வயதில் வானொலியில் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு சாக்ஸபோனைக் கையிலெடுத்த நார்வேயின் யான் கார்பரெக், ஆஸ்திரிய மடாலயம் ஒன்றில் ஹில்லியார்டு பாடகர் குழுவினர் பாடிய பழைய கிறித்தவத் துதிகளுடன் வாசித்துப் பதிந்த 'ஆஃபீசியம்' இசைத்தொகுப்பு 1994-இல் வெளிவந்தது. கத்ரி லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசி இசைவிழாவில் வாசித்ததும் அதே ஆண்டில்தான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் 'சங்கீத ரத்னாகர'த்தில் சார்ங்கதேவர் நாதத்தை, மோதலால் பிறந்து செவிக்கு எட்டும் ஆகதம் என்றும், மோதலின்றி யோகியர் அகத்தே உணரும் அனாகதம் என்றும் பிரிக்கிறார். இப்பகுப்பில் வீணையும் சாக்ஸபோனும் ஆகதத்தின் பக்கமே நிற்பதால், ஒன்றுக்குப் பிறப்பால் உயர்வு கற்பிக்க இடமில்லை. கருவறைப் படியருகே இடைக்கா முழங்கப் பாடும் சோபான சங்கீதம் பூசையின் அங்கமாதலின், அங்கே கருவியும் விதிக்குட்பட்டதே என்னும் மறுப்பு ஏற்கத்தக்கது. கச்சேரி வடிவில் நிகழும் வழிபாட்டுக்கு அவ்விதி பொருந்தாது. மேலும் வழக்கம் மாறாததும் அன்று. 1936-இல் திருவிதாங்கூரின் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. நவராத்திரி மண்டபத்தில் 2006-இல் பாறசாலை பொன்னம்மாள் முதல் பெண்ணாகப் பாடினார். பிறந்த நாட்டைக் காரணம் காட்டி ஒரு கருவியை வழிபாட்டிசையிலிருந்து விலக்க, வயலினை ஏற்ற இம்மரபில் நியாயம் இல்லை.