இல்லமும் ஒரு நிமித்தம்



முதியோர் வாழும் இல்லங்களில் இன்று கவலையோடு பேசப்படுவது மறதி நோய். மருத்துவர்கள் 'டிமென்ஷியா' எனக் குறிக்கும் இந்நோய், நம் நாட்டில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுள் நூற்றுக்கு 7.4 பேரை, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேரைப் பற்றியுள்ளது என்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நம் சமுதாயமும் இதற்கு விலக்கன்று. இந்நோய் புகுந்த இல்லங்களில், "எல்லாம் அவரவர் வினைப்பயன், நாம் என்ன செய்ய இயலும்?" என்று கூறி ஓய்ந்திருப்போரைக் காண்கிறோம். இக்கூற்று ஜினவாக்கிற்கு ஒத்ததுதானா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

உயிரின் இலக்கணம் அறிவே என்பது நம் ஆகமத் துணிபு. ஞானாவரணீயம் என்னும் வினை அவ்வறிவை மறைக்குமேயன்றி அழிக்காது. கார்மேகம் எத்துணை அடர்ந்தாலும் பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு தோன்றும் அளவிற்கேனும் கதிரவன் ஒளி கசிவது போல, எந்த உயிரிடத்தும் அறிவின் ஒரு கூறு எஞ்சியே நிற்கும்.

மேலும், வினை தானே தனித்து நின்று பயன் தருவதில்லை. தத்துவார்த்த சூத்திரத்திற்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாதர், திரவியம், சேத்திரம், காலம், பவம், பாவம் ஆகிய நிமித்தங்களுக்கு ஏற்ப வினையின் பயன் பலவகைப்படும் என்பதை விளக்கியுள்ளார். சேத்திரம் என்பது இடம். நோயுற்றவர் நடக்கும் தரையும், அவர்மேல் விழும் வெளிச்சமும், அவர் செவியிற்படும் ஓசையும் அவ்விடத்தில் அடங்கும். வினையை மாற்றும் ஆற்றல் நமக்கில்லை. நிமித்தத்தைத் திருத்தும் கடமை நமக்குண்டு. இதனை நாம் நூலில் கற்றிருந்தும், எம் இல்லத்தில் பிழை செய்த பின்னரே உணர்ந்தோம்.

எம் அன்னையார் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர். விடியலில் நீராடி ஜினாலயம் சென்று வணங்குவதும், பொழுது சாயுமுன் உண்டு முடிப்பதும் அவர் ஒருநாளும் வழுவாத ஒழுக்கங்கள். மறதி தலைகாட்டியதும், நன்மை செய்வதாகவே எண்ணிச் சென்னையில் மூன்றாம் மாடியில் உள்ள எம் குடியிருப்பிற்கு அவரை அழைத்து வந்தோம். ஊரில் தட்டுத் தடுமாறியேனும் தம் காரியங்களைத் தாமே செய்துகொண்டவர், இங்கு வந்த பத்தே நாட்களில் கழிவறைக்கு வழி தெரியாமல் நின்றார். பளபளக்கும் தரையைக் கண்டு, "தண்ணி நிக்குதே" என்று புடைவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் வைக்க அஞ்சினார். அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த தம் உருவத்தைப் பிறர் என்று கருதி, "அந்தம்மா ஏன் என்னையே பார்க்கிறாங்க?" என்று கேட்டார். மாலை வந்தால், "வீட்டுக்குப் போவணும்" என்று கதவருகே நின்று அழுதார். இரவு எட்டு மணிக்கு உணவு கொடுத்தால் தட்டைத் தள்ளிவிட்டார். பிடிவாதம் என்று எண்ணிக் கடிந்துகொண்டோம். ஒருநாள் அவர், "பொழுது போயிடுச்சேப்பா, இப்பப் போயா சாப்பிடறது?" என்றார். நாம் வெட்கித் தலைகுனிந்தோம். பட்டணத்து வாழ்வில் நாம் கைவிட்ட இரவுண்ணாமை நோன்பை, நாள் கிழமை மறந்த அத்தாய் மறக்கவில்லை!

இது ஏன் நிகழ்கிறது? மதிஞானத்திற்கு அவக்கிரகம், ஈஹை, அவாயம், தாரணை என நான்கு படிகளை நம் நூல்கள் கூறும். பொருளைப் புலன் பற்றுவது முதற்படி. அறிந்ததை மறவாமல் நிலைநிறுத்துவது தாரணை. மறதி நோயில் பெரும்பாலும் முதலில் தளர்வது புதியனவற்றை நிலைநிறுத்தும் ஆற்றலே. பழைய நினைவுகளும், உடலில் ஊறிய பழக்கங்களும் நெடுநாள் எஞ்சுகின்றன. ஆகவே பழகிய வீட்டில் காலே வழி காட்டும். புதிய வீடோ ஒவ்வொரு காலையும் புதிதாகவே தோன்றும். மருத்துவமனையிற் சில நாள் தங்கினாலும், மக்கள் வீடுகளில் மாதம் ஒருவராக முறைவைத்து வைத்துக்கொண்டாலும் குழப்பம் மிகுவது இதனாலேயே. பெற்றோரை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் குடும்பத்தார் இதனை ஆழ எண்ண வேண்டும்.

அன்னையாரை மீண்டும் ஊரில் தனியே விட இயலவில்லை. எனவே ஊரின் ஒழுங்கை இங்குக் கொணர முயன்றோம். கண்ணாடியைத் துணியால் மூடினோம். கழிவறைக் கதவில் அடையாளப் படம் ஒட்டி, இரவு முழுதும் அங்குச் சிறு விளக்கெரிய விட்டோம். தரையின் பளபளப்பைக் குறைத்தோம். கரிய மிதியடி பள்ளம் போல் தோன்றுமாதலால் அதனை அகற்றினோம். ஓயாது ஒலித்த தொலைக்காட்சியை நிறுத்தினோம். ஊரிலிருந்து அவருடைய மரப்பெட்டியையும், பித்தளை விளக்கையும், அருகப்பெருமான் படத்தையும் கொணர்ந்து அவர் கண்ணெதிரே வைத்தோம். காலை வெயிலில் அமரச் செய்தோம். மாலை ஐந்தரை மணிக்கே உணவளித்தோம். வெண்சோறு வெள்ளித்தட்டில் தெரியாமற்போவதைக் கண்டு வாழையிலையில் பரிமாறினோம்.

இவை வெறும் கற்பனையல்ல. பாஸ்டன் நகர ஆய்வாளர் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு ஆய்வொன்றில், உணவினின்று நிறம் தெளிவாக வேறுபடும் தட்டும் குவளையும் தந்தபோது நோயாளர் உண்ட உணவு நூற்றுக்கு 25 பங்கும், பருகிய நீர்மம் 84 பங்கும் மிகுந்தன. நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேரிடம் நிகழ்ந்து 2008-இல் வெளியான ஆய்வில், பகற்பொழுதில் நல்ல வெளிச்சம் பெற்றோரிடம் சோர்வும் அறிவுத்தளர்ச்சியும் ஓரளவு குறைந்தன. அந்நாட்டின் வேஸ்ப் நகரில் 2009-இல் மறதி நோயாளர்க்கென வீடு, தெரு, கடை அமைந்த ஒரு சிற்றூரையே உருவாக்கினர். எனினும், குழப்பம் திடீரென மிகுந்தால் அதனை இடத்தின் குறையென்றே விட்டுவிடலாகாது. தொற்று, வலி, மருந்தின் விளைவு ஆகியன உளவோ என மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது.

அன்பர்களே! நோயுற்றார்க்குப் பணிபுரியும் வையாவிருத்தியம் அகத்தவங்களுள் ஒன்று. தீர்த்தங்கர நாமவினைக்குக் காரணமாகும் பதினாறு பாவனைகளுள்ளும் ஒன்று. துறவியர்க்குச் செய்வதே அதன் தலையாய நிலை. ஆயினும் அப்பயிற்சி இல்லறத்தார்க்கு வீட்டிலேயே தொடங்குகிறது. நோயுற்ற முனிவர் வேடத்தில் வந்த தேவன் தன்மேல் உமிழ்ந்தபோதும் அருவருப்பின்றித் தன் கையாலேயே தூய்மை செய்த உத்தாயண மன்னன் வரலாற்றை நம் சிறுவர்க்குக் கூறுகிறோம். ஆடையை நனைத்துக்கொண்ட பாட்டியின் முன் அச்சிறுவர் நம் முகத்தைப் பார்க்கின்றனர். அப்போது நம் முகம் காட்டுவதே அவர்கள் கற்கும் பாடம்.

எம் அன்னையாரின் நோய் நீங்கவில்லை. எம் பெயரும் அவருக்கு மறந்துபோயிற்று. ஆயினும் மாலையழுகை அருகியது, அச்சம் தணிந்தது. விளக்கேற்றும் வேளையில் நாம் பஞ்சநமஸ்காரம் தொடங்கினால், அவர் உதடுகள் ஓரெழுத்தும் பிறழாமல் முடித்து வைத்தன. மேகத்தினூடே கசியும் அவ்வொளிக்கு இடையூறு செய்யாத இல்லமாக நம் இல்லங்களை அமைப்போமாக!

ஜினதர்மம் ஓங்குக! எல்லா உயிர்களும் இன்புறுக!